இடப்பக்கம் திரும்பவும்

அப்புத்தளையில் போட்டோகொப்பி எடுத்த
என் வரைபடம் இப்போது நாலாம் பதிப்பு.
முதலாவதில் உண்மை இருந்தது.

ரயில் பாதையைத் தாண்டி,
ஏழாம் நம்பர் மலையின் கான் ஓரமாய் ஏறி,
மானாப்புல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில்
'இடப்பக்கம் திரும்பவும்' என்று எழுதியிருந்தேன்.
கீழே சின்னதாய் ஓர் இலை.
கறுத்த பட்டில் செம்புக் கம்பி இழைத்ததுபோல் நரம்பு.
அதைப் பேனையால் கொண்டுவர
மூன்று இரவு போயிற்று.

வந்தார்கள். நல்லவர்கள்தான்.
கண்டியிலிருந்து ஒரு பல் வைத்தியரும் மனைவியும்
மண்ணில் முழங்கால் ஊன்றி, மூச்சை அடக்கிப் பார்த்தார்கள்.
அட்டைக்கு இரத்தம் கொடுத்தார்கள்.
எனக்கு ஒரு பைக்கற் பிஸ்கட்டு.
வீட்டுத் தொட்டியில் இருப்பதெல்லாம்
இனிக் கடன் வாங்கியதுபோல் தெரியும், என்றார் அந்த அம்மா.
இதற்குத்தான் வரைந்தேன்.

ஐப்பசியில் ஒருவர் வந்தார், சப்பாத்தில் சேறில்லாமல்.
பூ எப்போது பூக்கும் என்று கேட்கவில்லை.
காவலர் எப்போது வருவார் என்று கேட்டார்.
பையில் ஈரப் பத்திரிகைத் தாள்.
எதற்கு என்றேன்.
சோறு சுற்ற, என்றார்.
நம்பினேன்.

பதினொரு குழிகள்.
இரண்டு முறை எண்ணினேன்.
வட்டமாய், சுத்தமாய், வேலை தெரிந்த கை.
ஒன்றின் ஓரத்தில் நாலாய் மடித்த என் வரைபடம்,
காகிதம் கூழாகியும்
அம்புக்குறி அப்படியே.
போட்டோகொப்பி மை ஊறாது.

வனக் காரியாலயத்தில் விஜேகோன் மாத்தயா கேட்டார்:
யார் தோண்டியது?
தெரியாது.
யார் வழி காட்டியது?
அதற்கு மட்டும் பெயர் தெரிந்தது.

தோண்டியது தொங்கல் லயத்துத் தியாகசீலன்.
அவனே சொன்னான், பீலியில் கால் கழுவிக்கொண்டே.
"பதினெட்டு கிலோ கொழுந்து குடுக்கிற காச
ஒரு வேரு குடுத்திச்சி.
நீ பூவக் காட்டின, நான் பூவக் குடுத்தேன்.
ஒனக்கு பிஸ்கட்டு, எனக்குக் காசு."
பதில் இருந்தது.
அது அவனுடைய வீட்டுக் கூரையைப் பார்த்துவிட்டு
வாய்வரை வரவில்லை.

புஷ்பகாந்தி கூடையை இறக்கிவிட்டுச் சிரித்தாள்.
"அந்த எலய எங்களுக்குத் தெரியாதா?
வெறகுக்குப் போறப்ப தாண்டித்தான் போவோம்.
யாரும் கேக்கல. நாங்களும் சொல்லல."

நாலாம் பதிப்பில்
மகாரத்மல் இருக்கிறது. அந்த மரத்தைப் பையில் வைக்க முடியாது.
நெலு இருக்கிறது. பூக்கும் வருஷம் மலையே பூக்கும்,
திருடித் தீராது.
பாறைக் கசிவில் காட்டுக் காசித்தும்பை,
பறித்தால் ரயில் வருமுன் வாடிவிடும்.
போன் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பதால்
கடைசியில் ஒரு வரி:
இருப்பிடத்தை அணைத்துவிட்டுப் படமெடுங்கள்.
காடு தொடங்கும் இடத்தில்
'வலப்பக்கம் திரும்பவும்.'
வலப்பக்கம் பொய்யில்லை.
வானம் தெளிந்தால் தெற்கே கடல்வரை தெரியும்.

இந்தக் கவிதையிலும் மலையின் நம்பரை மாற்றியிருக்கிறேன்.
இலையைப் பற்றிச் சொன்னதும் முழுக்கச் சரியில்லை.

மார்கழி மழை விட்ட ஒரு காலை
தியாகசீலன் பால்மா டின்னோடு வாசலில் நின்றான்.
உள்ளே ஒன்று. தண்டு முறிந்ததால் விலைபோகாதது.
இரண்டு பேரும் ஏறினோம், பேசாமல்.
உக்கிய இலையை விரலால் விலக்கி,
எடுத்த அதே ஆழத்தில் இறக்கி,
பாசியால் மூடினான்.
பிழைக்குமா என்றேன்.
தெரியாது என்று தலையை ஆட்டினான்.

இறங்கும்போது பிரிவில் ஒரு சோடி
என் வரைபடத்தை விரித்தபடி நின்றது.
"வலப்பக்கம்தானே?"
நான் வாயெடுக்குமுன்
நகத்தில் மண்ணோடு கையை நீட்டி
அவன் சொன்னான்:
"வலப்பக்கந்தான்."