கோபமா என்று கேட்கிறார்கள்

கோபமில்லை, கன்னம் இறங்கிவிட்டது.
சர்க்கரை வந்து பதினெட்டுக் கிலோ போன பிறகு
வாயின் இரு முனையிலும்
யாரோ படிக்கல் கட்டித் தொங்கவிட்ட மாதிரி.

கொழிஞ்சாம்பாறையில் பஸ் சீட்டு தைக்கும் கடை எனக்கு.
பொள்ளாச்சி வண்டியும் வரும், பாலக்காட்டு வண்டியும் வரும்.
அக்காவுக்கு என்ன கோவம்?
சேச்சிக்கு எந்தா தேஷ்யம்?

பாலக்காட்டில் டாக்டர் லதிகா
ஊதாப் பேனாவால் முகத்தில் கோடு போட்டார்.
காதுக்கு முன்னால் இறங்கி, மடலைச் சுற்றி,
பின்னால் மயிருக்குள் போய் மறைந்தது கோடு.

தோலை மட்டும் இழுக்கலாம் என்றார்.
அது எனக்குத் தெரியும்.
அமுங்கிய பஞ்சின் மேல் புது ரெக்சினை இழுத்து ஆணி அடித்தால்
இந்த ஓணத்துக்கு மினுங்கும்,
அடுத்த ஓணத்துக்குள் தையல் வாய் பிளக்கும்.
பாரத்தைத் தையலா தாங்கும்?

தோலுக்கு அடியில் ஒரு சவ்வு.
அதை மடித்துத் தைத்துவிட்டு
தோலை இழுக்காமல் மேலே போர்த்துவது வேறொரு வகை.
மினி பஸ்ஸுக்கு நான் செய்வது அதுதான் என்றேன்.
சிரித்தார். அவர் கன்னம் ஏறி இறங்கியதையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூல் கோத்து இழுப்பதும் உண்டாம்.
விலை கேட்டேன், ஆயுள் கேட்டேன், விட்டேன்.

பிறகு ஆழம்.
சவ்வுக்கும் கீழே நுழைந்து
எலும்போடு பிடித்திருக்கும் கட்டுகளை அவிழ்த்து
எல்லாவற்றையும் ஒரே பாளமாக மேலேற்றுவது.
சட்டத்தோடு சீட்டைக் கழற்றுகிற வேலை.
நாள்பட நிற்கலாம், எல்லோருக்கும் அப்படியென்று சொல்லமாட்டேன் என்றார்.

அங்கே என்ன ஓடுகிறது?
வயர் போகும் வழி தெரியாமல் எந்த வண்டியிலும் கை வைத்ததில்லை நான்.
நரம்பு, என்றார்.
சிரிப்புக்கு ஒன்று, புருவத்துக்கு ஒன்று.
பட்டுவிட்டால்?
பெரும்பாலும் திரும்பிவிடும்.
அந்தப் பெரும்பாலும் என்பதை
மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொன்னார்.

முதலில் சர்க்கரை இறங்கட்டும், புண் ஆறவேண்டுமே,
மூன்று மாதம் கழித்து வாங்க.

கோட்டை அழிக்க மறந்து பஸ் ஏறிவிட்டேன்.
கண்டக்டர் சில்லறையை எண்ணாமல் முகத்தையே பார்த்தான்.
மூஞ்சியில என்னக்கா, அளவெடுத்திருக்கு?
அளவுதான் தம்பி, இன்னும் வெட்டல.
நான் சிரித்தேனா தெரியாது.
அவன் சிரித்தான்.

உட்கார்ந்திருந்த சீட்டு என் கைவேலை இல்லை.
மூலையில் பஞ்சு எட்டிப் பார்த்தது.
விரலால் உள்ளே தள்ளிக்கொண்டே வந்தேன்,
சித்தூர் தாண்டும் வரை.