மூன்று பெயருள்ள வளையம்

கிடங்கில் அதன் எண் 4471.
கொள்முதலில் ஆர் தொண்ணூறு.
வரைபடத்தில் வெறும் 'அடைப்பு வளையம், கருப்பு'.
கட்டைவிரலில் மாட்டினால் மோதிரம்போல் நிற்கும்
ஒரு ரப்பர்த் துண்டு, அவ்வளவுதான்.

நான் க்வியேதா.
ப்ஷெரோவ் ஊரின் பம்பு ஆலையில்
இரண்டு திரைகளுக்கு நடுவே என் நாற்காலி.
இடப்பக்கத் திரையில் படிப்பேன்,
வலப்பக்கத் திரையில் அடிப்பேன்.
பத்தொன்பது வருடமாக இதே.
ஒப்பந்தத்தில் 'தரவு ஒருங்கிணைப்பாளர்' என்றிருக்கிறது.
உண்மையில் நான் ஒரு கம்பி.
தற்காலிகமாக என்று சொல்லி
யாரோ முறுக்கிவிட்டுப் போன கம்பி.

ஜனவரியில் எனக்குக் காய்ச்சல்.
மூன்று நாள்.
போர்வைக்குள் நான் வியர்த்துக்கொண்டிருந்தபோது
வளையம் உட்காரும் பள்ளத்தை
முக்கால் மில்லிமீட்டர் அகலமாக்கினான் ராடிம்.
நியாயமான திருத்தம்.
தேதி போட்டு, கையொப்பமிட்டு,
தன் கணினியில் சேமித்தான்.
சேமிப்பது என்றால் பத்திரமாக வைப்பது,
யாருக்கும் சொல்வது அல்ல.

கீழே கடைசல் கூடத்தில் ஓஸ்தாப்
எண்ணெய்க் கறை படிந்த பழைய தாளைப் பார்த்து
இருநூற்றுப் பத்து மூடிகளைக் கடைந்து முடித்தான்.
ஒவ்வொன்றும் கண்ணாடி.
இவ்வளவு அழகான கழிவை
இந்தக் கூடம் பார்த்ததே இல்லை.

கிடங்கின் திரை சொன்னது: கையிருப்பு அறுநூறு.
அறுநூறும் இருந்தன,
வலைக்கதவுக்குப் பின்னால்,
ஸ்தெனா சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கிய பெட்டிகளில்.
இழுத்தால் அறுகிறது என்று அவள் எழுதிய குறிப்பு
அவளுடைய நீல நோட்டில்.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
இங்கே சுரைக்காய் ஒரு ஏட்டில்,
உதவாது என்பது வேறொரு ஏட்டில்.

அறுநூறு இருக்கிறதே என்று
புது ஆர்டரை ரத்து செய்தாள் ஸ்டானிஸ்லாவா.
சிக்கனத்துக்காக அவளுக்கு
ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது.

விற்பனைக்காரர் யாரையும் கேட்கவில்லை.
'வியாழன்' என்றார் தொலைபேசியில்,
ஒஸ்த்ராவாவின் நீரேற்று நிலையத்திடம்.

வியாழன் லாரி வந்தது.
ஓட்டுநர் இரண்டு முறை காபி குடித்தார்.
காலியாகத் திரும்பினார்.
மதியத்துக்குள் அவருடைய சக்கரத் தடத்தைப்
பனி மூடிவிட்டது.

வெள்ளிக்கிழமை கூட்டம்.
ஏழு பேர், ஏழு அச்சுத்தாள்.
தத்தம் தாளை மேசையில் அறைந்தார்கள்.
நான் ஏழையும் படித்தேன், அதுதானே என் வேலை.
ஒன்றிலும் பொய் இல்லை.
ஏழு உண்மைகள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து
ஒன்றையொன்று விசாரிக்காமல்
எழுந்து போகப் பார்த்தன.

இயக்குநர் என் பக்கம் திரும்பினார்.
'நீங்கள் இல்லாததால்தானே இப்படி?'
ஒரு நொடி பெருமையாக இருந்தது.
மறு நொடி வயிற்றைப் பிசைந்தது.
இருநூற்றெண்பது பேரின் சம்பளம்
என் தொண்டைப் புண்ணிலா தொங்கிக்கொண்டிருந்தது?

சொன்னேன்:
வளையத்துக்கு ஒரே பெயர் வையுங்கள்.
ராடிம் ஒரு கோட்டை நகர்த்தினால்
ஓஸ்தாபின் இயந்திரம் நின்று கேட்கட்டும்.
ஸ்தெனா கட்டும் அட்டை
ஸ்டானிஸ்லாவாவின் திரையிலும் சிவக்கட்டும்.
வாயில் 'வியாழன்' வரும் முன்
விற்பனைக்காரருக்கு வலைக்கதவின் உள்ளே தெரியட்டும்.

'செலவாகும்' என்றார் இயக்குநர்.
ஜன்னலுக்கு வெளியே, கழிவுத் தொட்டியில்,
இருநூற்றுப் பத்து மூடிகள் மின்னின.
யாரும் கை நீட்டிக் காட்டவில்லை.
அவரே பார்த்தார்.

அப்புறம் கேட்டார், மெதுவாக:
'அது வந்துவிட்டால்
உங்களுக்கு என்ன வேலை இருக்கும், க்வியேதா?'

இடப்பக்கத் திரையிலும் இல்லை அது,
வலப்பக்கத் திரையிலும் இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், பெச்வா ஆற்றுப் பாலத்தில்,
கோட்டுப் பைக்குள் ஏதோ தட்டுப்பட்டது.
4471.
இல்லை, ஆர் தொண்ணூறு.
விரலில் மாட்டி இழுத்துப் பார்த்தேன்.
பட்டென்று அறுந்தது.

ஸ்தெனா சரியாகத்தான் எழுதியிருந்தாள்.