எழுப்பிவிட ஆள்

திருமங்கலத்தில் ஏறினால்
கப்பலூர் டோல்கேட் எனக்குத் தெரியாது.
மூன்று வருஷமாகத் தெரியாது.
நாளெல்லாம் நின்று பில் போட்ட கால்கள்
முன்சீட்டுக்கு அடியில் நீண்டதும்
ஜன்னல் கம்பியில் தலை முட்ட முட்ட
போய்விடுவேன்.
காசில்லாத டிக்கெட் உள்ளங்கையில் நனைந்து கிடக்கும்.
பழங்காநத்தம் தாண்டியதும்
கண்டக்டர் சோணைமுத்து விசிலால் கம்பியைத் தட்டுவார்:
"பெரியாரு வந்துருச்சும்மா,
கனவையும் தூக்கிட்டு எறங்கு."

அதே கண்தான்,
செல்லூர் வீட்டில் ராத்திரி பன்னிரண்டுக்கு
மின்விசிறியின் மூன்று இறக்கையையும்
தனித்தனியாகப் பார்க்கிறது.

கசகசா அரைத்துப் பாலில் குடித்தேன்.
சாதிக்காய் இழைத்து நாக்கில் தடவினேன்.
போனைத் தலைமாட்டில் வைக்காதே என்றாள்
பக்கத்துக் கவுண்டர் ரெஜினா.
வைக்கவில்லை.
நாசிக்கில் வெங்காயம் ஏற்றப் போனவர்
கூப்பிடாமல் இருப்பது
அலமாரிக்குள்ளிருந்தும் கேட்டது.
நூறிலிருந்து பின்னால் எண்ணச் சொன்னார் டாக்டர்.
எண்ணினால் எனக்குச் சில்லறை ஞாபகம் வரும்.
அறுபத்தேழில் கணக்கு இடித்தது,
எழுந்து உட்கார்ந்து சரிபார்த்தேன்.

ஒருநாள்
பிளாஸ்டிக் சேரை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு,
மடியில் கைப்பை வைத்து,
கம்பியில் தலை சாய்த்தேன்.
ஒண்ணுக்குப் போக எழுந்த சின்னவள்
கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டாள்,
"எங்கம்மா போற?"

சிரித்து முடித்த பிறகுதான்
என் காது வீட்டுக்குள் இல்லை என்று தெரிந்தது.
அது வாசல் குழாயடியில் குத்தவைத்திருந்தது.
ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர்,
ஒன்றரைக்கும் வரும், நாலுக்கும் வரும்,
முதலில் உஸ்ஸென்று காற்று வரும்.
விட்டால் ரெண்டு நாளைக்கு நாக்கு வறண்டுதான்.

மாடியறையில் குரூப் ஃபோர் படிக்கிற அய்யங்காளை
துணி காயப்போடப் போனபோது
புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் கேட்டான்:
"எத்தனை குடம்க்கா?"
எட்டு என்றேன்.
"எப்படியும் நான் முழிச்சுத்தான் இருப்பேன். படுங்க."

படுத்தேன்.
மேலே அவன் நடந்து நடந்து மனப்பாடம் செய்தான்.
வைகை, உற்பத்தி வருசநாட்டு மலை,
நீளம் இருநூற்று ஐம்பத்தெட்டு கிலோமீட்டர்,
வைகை, உற்பத்தி வருசநாட்டு மலை...
ஆண்டிபட்டிப் பக்கம் ஆறு வளைந்தது வரை
நான் இருந்தேன்.
சோழவந்தான் போனது தெரியாது.
மதுரை வந்தது தெரியாது.

காலையில் ஏழு குடம் நிறைந்து மூடியிருந்தன.
எட்டாவது பாதி.
அந்தப் பாதியில்தான் முகம் கழுவினேன்.

அன்று சாயங்காலம்
கப்பலூர் டோல்கேட்டைப் பார்த்தேன்.
இவ்வளவு விளக்கா!
லாரிகள் வரிசையில் நிற்க,
ஒருவன் சுண்டல் விற்றுக்கொண்டு ஓடினான்.
சோணைமுத்து குனிந்து பார்த்தார்,
"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?"