மிச்சப் பின்னம்

கொம்பனித் தெரு, ஐந்தாம் மாடி.
பங்குப் பதிவாளர் அலுவலகம் என்று கண்ணாடியில் எழுதியிருக்கிறது.
உள்ளிருந்து வாசித்தால் எழுத்துகள் திரும்பி நிற்கும்.

இலாபம் நூற்றுக்கு முப்பத்தொன்று கூடியதாக
வங்கி மார்ச்சில் அறிவித்தது.
அதே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில்
காசில்லை என்றது.
திறைசேரி முறிகள் சுகமில்லாமல் கிடக்கின்றன,
மூலதனம் இப்போதைக்கு வீட்டைவிட்டு வெளிக்கிடக் கூடாது,
ஆகவே பங்கிலாபம் பங்காகவே:
ஐம்பத்தேழு தசம் மூன்றுக்கு ஒன்று.

கொட்டாஞ்சேனையிலிருந்து எமிலியானுஸ் ஐயா கோல் எடுக்கிறார்.
மீன் வாடிகளுக்கு ஐஸ் போடுபவர்.
"தங்கச்சி, காசு வரயில்லை."
வராது ஐயா, பங்கு வரும். இருபத்துமூன்று.
"பங்கைக் கொண்டுபோய்க் கரண்ட் பில் கட்டலாமோ?"

என் திரையில் தெரிவதை
அவருக்கு எப்படிச் சொல்ல.
காசு கொடுத்த பக்கத்து வங்கியின் விலை
உரித்துத் திகதி கழிந்த காலையே
கொடுத்த அளவுக்கு இறங்கி நின்றது,
சட்டைப் பையில் போட்டதைக்
கால்சட்டைப் பையிலிருந்து எடுத்ததுபோல்.
கொடுக்காத இதுவோ
கிழமைக்குள் நாலு ரூபாய் ஏறிவிட்டது.
கையைப் பொத்திக்கொண்டவனிடம்
ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று
சந்தை நினைத்திருக்கும்.
சந்தை என்ன நினைத்ததென்று
பின்னேரம் இரண்டரைக்குப் பிறகு
எல்லோருக்கும் தெரியும்.

சொன்னேன்.
"ஏறினது உங்கட திரையிலதானே, பிள்ளை."
விற்றால் கைக்கு வரும் என்றேன்.
"வித்துப்போட்டு, வாற வருசம்?"
அதற்கு என்னிடம் நிரல் இல்லை.

ஆயிரத்து முந்நூற்று நாற்பதை
ஐம்பத்தேழு தசம் மூன்றால் பிரித்தால்
இருபத்துமூன்றுக்குப் பிறகும் கொஞ்சம் மிஞ்சும்.
தசம் மூன்று எட்டு.
மட்டக்குளி பஸீராவின் தசம் ஒன்பது,
தெகிவளையில் முகவரி மாறிப்போன ஒருவரின் தசம் ஒன்று,
என்னிடமும் அறுபது பங்கு உண்டு,
என் தசம் பூச்சியம் நாலு,
எல்லாவற்றையும் கூட்டி முழுதாக்கி விற்று
ஏதாவதொரு தர்ம இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

அதையும் சொன்னேன்.
மறுமுனையில் பேச்சில்லை,
ஐஸ் உடைபடும் சத்தம் மட்டும்.

"அப்ப நானும் தர்மம் செய்திருக்கிறன்.
என்னைக் கேளாமலே."

கோபமா, சந்தோசமா,
கண்டுபிடிக்க முடியவில்லை.

"ரசீது வருமோ?"

அழைப்புப் பதிவேட்டில்
முறைப்பாடு என்ற கட்டத்தில் அடையாளமிட்டேன்.
பிறகு அழித்து,
ஏனையவைக்கு மாற்றினேன்.