எட்டரை மணிப் பதிவு

பிலிகுண்டுலுவில் வானம்
துடைத்துக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு.
ஆடி பிறந்து ஒன்பது நாள், ஒரு துளி இல்லை.
அஞ்செட்டிச் சாலையோரத்துச் சாமை
முளைத்த உயரத்திலேயே நின்று யோசிக்கிறது.

ஆறு மட்டும்
நேற்று ராத்திரியிலிருந்து செம்மண் நிறம்.

அளவுகோலில் நான்காவது கோடு முழுகிவிட்டது.
எழுதுகிறேன்: நேரம், நீர்மட்டம், கையெழுத்து.
மழை என்ற கட்டத்தில் பூஜ்யம்.
ஒரே வரியில் வெள்ளமும் பூஜ்யமும் இருப்பதைப் பார்த்து
புதிதாக வந்த பொறியாளர்
சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போனார் போன மாதம்.

தப்பில்லை சார்.
இது குடகில் பெய்தது.
நாலு நாள் முன்னால் யார் வீட்டு ஓட்டிலோ விழுந்து
காப்பித் தோட்டத்தில் இறங்கி
அணைக்கட்டில் வரிசையில் நின்று
மேக்கேதாட்டு இடுக்கில் விலா நொறுங்கி
இப்போதுதான் வந்து சேர்கிறது.

பரிசலுக்குத் தடை.
கவிழ்த்த பரிசல்மேல் உட்கார்ந்து சிக்கண்ணன்
ஒரு கை அள்ளி முகர்ந்து
"வயநாட்டுத் தண்ணி, கபினி வழியா" என்கிறான்.
நான் நம்புவதில்லை.
சாயங்காலம் வாட்ஸப்பில் வரும் மதகுக் கணக்கு
அவன் பக்கமே சாய்கிறது.

ஏழாம் வகுப்பில்
மழைமறைவுப் பிரதேசம் என்று படித்தபோது
மழை ஒளிந்து விளையாடும் ஊர் எங்களுடையது என்று நினைத்துக்கொண்டேன்.
எண்ணிக்கொண்டே இருந்தோம், வெளியே வரவில்லை.
மேற்குக் காற்றின் ஈரத்தை மலை பிடுங்கிக்கொள்கிறது.
கிழக்குக் கடலிலிருந்து வருவது
வழியெல்லாம் கொடுத்தது போக மிச்சம்.
ஆறோ பள்ளத்தில், பாறைக்குள். நாங்கள் மேட்டில்.
எண்ணூறு அடி ஆழத்து போர்த் தண்ணீர் குடித்து
எட்டு வயசில் என் முன்பல்லில் ஏறிய காவி
இன்னும் இறங்கவில்லை.
அடையாள அட்டையில் வாய் மூடித்தான் இருப்பேன்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி
யாரும் சொல்லாமல் கொட்டியது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடினேன்.
மழைமானியில் அறுபத்திரண்டு மில்லிமீட்டர்.
தொட்டல்லாவில் கல் உருளும் சத்தம்.
விடிந்து பார்த்தால்
ஆற்றில் ஏறியிருந்தது இரண்டு விரல்.

அந்த இரண்டு விரல் எங்களுடையது.
அதற்குத் தனிக் கட்டம் கிடையாது பதிவேட்டில்.
பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன்,
தெரிந்தவர்களுக்குத் தெரியட்டும் என்று.

ஐந்தாவது கோடு நனைகிறது.
போன் அடிக்கிறது.
மேட்டூர்.