முதல் தடவைக்கான விலை

போனில் கேட்பவர்கள் எல்லோரும்
இதைத்தான் கேட்கிறார்கள்:
ஒரு யன்னலுக்கு எவ்வளவு?
பின்னால் கெட்டில் கொதிக்கிறது, நாய் குரைக்கிறது.
நான் பேனாவைத் தேடுவதுபோல் பாவனை செய்கிறேன்.

முதல் வருடம் உடனே சொல்லிவிடுவேன்.
அப்படித்தான் எல்ம் தெருவில்
"பத்து யன்னல்தான்" என்ற குரலை நம்பி
எண்பது டொலர் என்றேன்.
போய்ப் பார்த்தால்
ஒவ்வொன்றும் பன்னிரண்டாகப் பிரிந்து
தாயக்கட்டம் மாதிரி நிற்கிறது.
நூற்றிருபது சதுரம்.
நூற்றிருபது தடவை நாலு மூலை.
இருட்டும்வரை துடைத்தேன்.
காசோலையில் எண்பதை
எழுத்திலும் எழுதித் தந்தார்கள்.

வாயால் எண்ணிய யன்னல் வேறு.

இப்போது நேரில் போகிறேன்.
சட்பரி, ஏப்ரல், ராம்சி ஏரியில்
பனிக்கட்டி இன்னும் ஓரமாய்க் கிடக்கிறது.
லெஹ்டினன் வீட்டை விற்கப் போகிறார்.
"ஒரே ஒரு தடவை" என்று விரலைக் காட்டுகிறார்
எனக்கேதோ சலுகை தருபவர்போல்.

நகத்தால் சுரண்டிப் பார்க்கிறேன்.
பெயின்ட் துளி.
பீலியிலிருந்து வழிந்த துரு.
வீதிக்கு வீசிய உப்பில் பாதி இங்கேதான் வந்திருக்கிறது.
நத்தார் நட்சத்திரம் ஒட்டிய டேப்பின் பசை,
அதற்குமேல் அடுத்த நத்தார்,
அதற்கும் மேலே இன்னொன்று.
கீழே ஒன்பது வருடம், மனதுக்குள் குறிக்கிறேன்.
மாடியில் பதினாலு.
ஏணி வைக்க இடமில்லாமல்
ஒரு ரோசாப்பற்றை வேறு.

"பக்கத்து வீட்டுக்கு நூற்றிப்பத்தாமே?"

ஓம். ஆனால் அந்தக் கண்ணாடிக்கு என்னைத் தெரியும்.
இரண்டு மாதத்துக்கொருக்கால் சந்திக்கிறோம்,
சுகம் விசாரித்துவிட்டுப் பிரிகிறோம்.
உங்கள் கண்ணாடியோடு
நான் முதலில் சண்டை பிடிக்கவேண்டும்,
சமாதானமானபின் திரும்பி வரவும் போவதில்லை.

அறுநூற்று நாற்பது.

சொல்லியாயிற்று.
இனித்தான் கடினமான வேலை,
வாயை மூடிக்கொண்டு நிற்பது.
எனக்குள் ஒருத்தி இருக்கிறாள்,
யாரும் கேட்குமுன்னரே குறைத்துவிடுவாள்.
அறுநூறு, என்கிறாள்.
பாவம், வயதானவர், ஐந்நூற்றைம்பது, என்கிறாள்.
அவளை நாக்குக்குக் கீழே வைத்து அழுத்துகிறேன்.
ஏரியில் ஒரு லூன் பறவை
கத்தத் தொடங்கி, கத்தி முடித்து,
மூழ்கியும் போய்விட்டது.

"சரி" என்கிறார்.

பிளேட்டை ஈரத்தில் சரிக்கும்போது
கண்ணாடி சீறும், பிறகு பழகும்.
துண்டு துண்டாக ஏரி
வரவேற்பறைக்குள் வந்து இருந்தது.
நாலு மணிக்குச் சமையலறை.
வெளியே துடைத்தேன். உள்ளே துடைத்தேன்.
மறுபடி வெளியே.
வெண்மை அசையவில்லை.
குனிந்து விளிம்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது,
இரட்டைக் கண்ணாடி, முத்திரை விட்டுவிட்டது.
புகார் இரண்டுக்கும் நடுவில் குடியிருக்கிறது,
எந்தக் கையும் போகாத இடத்தில்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"என் மனைவி ஐலா," என்றார்,
"இதற்காகவே என்னை ஏசுவாள்.
துடை என்பாள். துடைப்பேன்.
துடைக்கவில்லை என்பாள்."
யன்னலைத் தட்டினார்.
"அப்படியென்றால் நான்
சரியாகத்தான் துடைத்திருக்கிறேன்!"
சிரிப்பு நிற்க நேரமெடுத்தது.
அதைப் பில்லில் எழுதித் தரச் சொன்னார்.

எழுதினேன்:
சமையலறை யன்னல், ஒன்று.
அழுக்கு நடுவில்.
துடைத்தவர்மேல் குற்றமில்லை.
கழிவு: இருபது டொலர்.

வானில் ஏறி, ஏணியைக் கட்டி,
குகதாசுக்குப் போன் எடுத்தேன்.
சுரங்கத்தில் இரவு வேலை, அப்போதுதான் எழும்பியிருந்தார்.
அறுநூற்றிருபது, என்றேன்.
கொட்டாவி விட்டுவிட்டுச் சொன்னார்:
"எழுநூறு கேட்டிருக்கலாம்."