இடது கையால் திறப்பது

போன ஞாயிறு, பிஸ்கட் டப்பாவுக்குள்
சின்ன முள்ளும் பெரிய முள்ளும்
தங்கூசிச் சிக்கலில் ஒரே கொத்தாய்க் கிடந்தன.
ஒன்றை இழுத்தால் எல்லாம் வந்தது:
ஈயக்குண்டு, மயில்தண்டு மிதப்பு,
அடைக்கலத்தின் கட்டைவிரல்.

அந்த நேரம் பார்த்து
அரசங்கண்மாயில் அல்லித்தண்டு
இரண்டு தரம் அசைந்து நின்றது.
விரால். மூன்று கிலோ இருக்கும் என்றான்
விரலைச் சப்பிக்கொண்டே.
தப்பிய மீனுக்கு எடை போடுவதில்
அவன் தாராளம்.

நான் தபால் பிரிக்கிறவன்.
கோட்டையூர் ஒரு குழி, பள்ளத்தூர் ஒரு குழி,
புதுவயலுக்குக் கை தானாகப் போகும்.
"ஊருக்கெல்லாம் அறை வச்சுப் பிரிக்கிற,
ஒம் முள்ளுக்கு ஒரு அறை இல்ல" என்றாள் பொன்னழகு,
என் சட்டைப் பையில் கை விட்டுக்
குத்து வாங்கிய காலையில்.

காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு.
சிக்கந்தர் கடையில் ஒரு சுவர் முழுக்கப் பெட்டி.

அஞ்சறைப்பெட்டியை முதலில் எடுத்தேன். தேக்கு.
திறந்ததும் வெந்தய வாசம்;
கெளுத்தி ஒருவேளை மயங்கலாம்.
ஆனால் நனைந்தால் மரம் ஊதும், மூடி நகராது.
பர்மா அரக்கு அடுக்கில்
அடித்தட்டு முள் வேண்டுமென்றால்
மேல்தட்டுகளைக் கரையில் பரப்ப வேண்டும்,
கொக்குக்குக் கடை போட்டது மாதிரி.
நகைப்பெட்டிக்கு நான்கு ரகசியத் திறப்பு.
நான்காவது திறக்கையில்
மீன் மடை தாண்டியிருக்கும்.
டாக்டர் ஊசி அவித்த எனாமல் பெட்டி
மனசுக்குப் பிடித்தது. துருவும் ஏறாது.
உள்ளே ஒரே பள்ளம்.
மறுபடியும் கொத்து.

எல்லாவற்றையும் இடது கையால் மட்டும்
திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து,
"வலது கைக்கு என்ன?" என்றார் சிக்கந்தர்.

"அதுல கம்பு இருக்கு"
என்று காற்றைப் பிடித்துக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இருபத்திரண்டு வருசமா விக்கிறேன்.
உள்ள ஏதாவது போடணும்னு வந்த
மொத ஆளு நீங்க.
ஓட்டல்காரங்க வாங்கிட்டுப் போயி
லைட்டுக்குக் கீழ காலியா வைப்பாங்க."

அப்போதுதான் கல்லாவுக்குப் பக்கத்தில் பார்த்தேன்.
மங்கிய பச்சை பிளாஸ்டிக். பதினான்கு அறை.
தடுப்புகளைத் தள்ளி மாட்டலாம்.
கொண்டியைக் கட்டைவிரலால் தட்டினால்
டப்பென்று திறக்கிறது.
உள்ளே கீல், திருகாணி, பித்தளைக் குமிழ்:
சுவரிலிருக்கும் அத்தனை பெட்டிக்கும் வைத்தியம்.

அது விக்கிறதுக்கில்ல என்றார்.
டீ வந்தது. அடைக்கலத்தின் விரலைச் சொன்னேன்.
இன்னொரு டீ.
நூற்றெண்பது ரூபாய்.

அவருடைய ஆணிகள்
நாலாயிரத்து ஐந்நூறு என்று சீட்டு ஒட்டிய
அஞ்சறைப்பெட்டிக்குக் குடிபோயின.
நான் வண்டியை உதைப்பதற்குள்
காரிலிருந்து இறங்கிய அம்மாள்
அதைத்தான் கையில் எடுத்தார்:
"இந்த ஆணியோட சேத்தே தருவீங்களா?"

இந்த ஞாயிறு.
முதல் வரிசையில் கெண்டை முள்.
நடுவில் விரால் முள், கம்பி கட்டியது.
மிதப்புக்குத் தடுப்பை எடுத்து
நீள அறையாக்கினேன்.
மண்புழுவுக்கு இடம் கேட்டான் அடைக்கலம்.
கொடுக்கவில்லை. அது தேங்காய்ச் சிரட்டையிலேயே இருக்கட்டும்.

ஈயக்குண்டுகளுக்கு நடுவே
ஒற்றைப் பித்தளைத் திருகாணி.
முகவரி தவறி வந்தது.
எங்கள் ஆபீசில் இதற்கென்று
ஒரு தனிக் குழி உண்டு;
பதினான்காவது அறையை அதற்குக் கொடுத்தேன்.

வெயில் ஏறிவிட்டது.
அடைக்கலம் கரையில் குப்புறப் படுத்திருந்தான்.
தங்கூசி அறுந்து காற்றில் மிதந்தது.
அல்லித்தண்டு அசைந்தது,
ஒரு தரம்.

தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்
கொண்டியைத் தட்டினேன்.